பூசணம் பூத்த தட்டை

மலையடிவாரக் காட்டில் ஓர் எருமை மந்தை இருந்தது. அதற்குத் தலைவன் பாறையன் என்னும் எருமைக்கடா. உடம்பு பெரிது, குரல் அதைவிடப் பெரிது. மூளையைப் பற்றி அப்புறம் பேசலாம்.

அந்த மந்தையில் ஒரு பழக்கம் இருந்தது. கோடையில் புல் கருகியதும் எருமைகள் எல்லாம் கணவாயைத் தாண்டி அடுத்த மலைக்குப் போய்விடும். புறப்படும் முன் ஒவ்வோர் எருமையும் பாறையன் முன்னால் வந்து, காய்ந்த சோளத்தட்டை ஒன்றை மென்று விழுங்கிக் காட்ட வேண்டும். காட்டோரத்து வயலில் தட்டைக்குப் பஞ்சமே இல்லை. மனிதர்கள் கதிரை மட்டும் அறுத்துக்கொண்டு தட்டையைக் காயவிட்டுப் போயிருப்பார்கள். அது காய்ந்து காய்ந்து விறகாகிக் கிடக்கும்.

மென்று விழுங்கிய எருமை மந்தையோடு போகலாம். முடியாத எருமை காட்டுக் குட்டையின் கரையிலேயே இருந்துவிட வேண்டும். இருந்துவிடுவது என்றால் என்ன என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. மழைக்குத் திரும்பி வரும்போது, கரையில் கிடக்கும் எலும்புகளைச் சுற்றிக்கொண்டு நடப்பார்கள். அவ்வளவுதான்.

அந்தக் கோடையில் கடைசியாக வந்து நின்றது கூழைக்கொம்பி. ஒரு கொம்பு குட்டையாகவே நின்றுபோன கிழட்டு எருமை அது. பாறையன் கன்றாக இருந்தபோது அதன் முதுகில் ஒட்டிய அட்டைகளைத் தேய்த்துவிட்டதும் இதே கூழைக்கொம்பிதான்.

கூழைக்கொம்பி தட்டையைக் கடைவாயில் ஒதுக்கியது. வலப்பக்கம் மென்றது. இடப்பக்கம் மென்றது. கடைவாய்ப் பற்கள் தேய்ந்து மொழுமொழுவென்று ஆகிவிட்டிருந்தன. தட்டை வழுக்கிக்கொண்டே போனது.

“மெல்லு கிழவி, மெல்லு! பொழுது சாயுது!” என்றது பாறையன்.

“மெல்லத்தான் செய்யுதேன். நீ குடுத்தது தட்டையா, தூணா?”

சில எருமைகள் சிரித்தன. பாறையன் முறைத்ததும் சிரிப்பு நின்றது. கூழைக்கொம்பி இன்னும் கொஞ்ச நேரம் போராடிப் பார்த்தது. முடியவில்லை. தட்டையைத் துப்பியது.

“முடிஞ்சுது! நீ இங்கனயே இருந்துக்கோ.”

“இருந்து?”

“இருந்து... இருந்துக்கோ!”

“வாயத் தொறந்து சொல்லுலே பாறையா! ‘செத்துப் போ’ன்னு சொல்ல நாக்கு கூசுதா?”

பாறையன் கொம்பை ஆட்டிக் கணவாய்ப் பக்கம் திரும்பியது. மந்தை அதன் பின்னால் நடந்தது. நெற்றியில் வெள்ளைப் பொட்டு விழுந்த சுட்டி என்னும் இளம் எருமை மட்டும் ஒருமுறை நின்று திரும்பிப் பார்த்தது. அதன் கன்று முன்னால் ஓடவே, அதுவும் போய்விட்டது.

கூழைக்கொம்பிக்கு அழுகை வந்தது. அழுகையைவிடக் கோபம் கூடுதலாக வந்தது. கணவாயைப் பார்த்து, “நீங்க சொல்லிட்டீங்கன்னு நான் சாக மாட்டேன்! கேட்டுக்கோங்கலே!” என்று கத்தியது.

“யக்கா, கத்தாத! தொண்ட வறண்டிரும். தண்ணியும் கம்மி” என்றது முதுகிலிருந்து ஒரு குரல்.

உண்ணி பொறுக்கும் கொக்கு. நெட்டையன் என்று பெயர்.

“நீ போகலியா?”

“அங்கன ஒவ்வொரு முதுகுலயும் நாலு கொக்கு உக்காந்துக்கிட்டு அடிச்சுக்கிடுது. இங்கன நான் ஒருத்தன்தான். முழு முதுகும் எனக்கு!”

“அப்போ பாசத்துல நிக்கல?”

“பாசமும் உண்டு யக்கா. உண்ணி இருக்க மட்டும் பாசம் இருக்கும்!”

கூழைக்கொம்பிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துவிட்டு எழுந்தது. எழுந்தால்தானே இரை தேட முடியும்!

புல் இல்லை. தழை எட்டவில்லை. எட்டிய தழை கசந்தது. வயல் நிறையத் தட்டை கிடந்தது, ஆனால் மெல்ல முடியாது. சாப்பாட்டுக்கு நடுவிலேயே பட்டினி கிடப்பதைப்போல ஒரு கொடுமை உண்டா? நாளுக்கு நாள் விலா எலும்பு எழும்பி நின்றது. நெட்டையனுக்கு உட்காரவே கால் கூசியது.

ஒருநாள் பசி பொறுக்காமல், விழுந்து கிடந்த ஓர் இலவ மரத்தைக் கூழைக்கொம்பி கடித்துவிட்டது. பசி வந்தால் பத்தும் பறந்து போகும் அல்லவா? பல் உடையும் என்று நினைத்துத்தான் கடித்தது. பல் உடையவில்லை. மரம் பிட்டுக்கொண்டு வந்தது!

“நெட்டையா! இங்கன வா! இந்த மரம் ஏன் இப்படி மெத்துமெத்துன்னு இருக்கு?”

கொக்கு அலகால் கிளறியது. பட்டைக்கு அடியில் வெள்ளை வெளேரென்று நூல் நூலாக ஏதோ ஓடியிருந்தது. பக்கத்திலேயே பட்டையைப் பிளந்துகொண்டு சிப்பிக் காளான்கள் அடுக்கடுக்காக விரிந்திருந்தன.

“காளான் யக்கா. உள்ள ஓடுறது அதோட பூசணம். மரத்தத் தின்னு தின்னு மெதுவாக்கிப் போட்டிருக்கு.”

கூழைக்கொம்பி கடித்ததை மெதுவாக அசைபோட்டது. தொண்டைக்குள் இறங்கியது. ஆனால் மரம் கொஞ்சம்தான். வயிறு நிறையத் தின்றால் இரண்டு வேளைக்குக்கூட வராது. அது மரத்தைப் பார்த்தது. பிறகு வயலைப் பார்த்தது.

“இம்மாம் பெரிய மரத்தையே மெதுவாக்குத வெள்ளையன், தட்டைய மட்டும் விட்டுவைப்பானா?”

“அதெப்படி யக்கா? அது மரத்துல வர்ற சரக்கு.”

“தட்டையில வராதுன்னு அவன் உங்கிட்ட வந்து சொன்னானா?”

கொக்கு பறந்துபோய் வயலில் ஒரு தட்டையைக் கொத்திப் பார்த்தது.

அன்றே வேலை தொடங்கியது. கூழைக்கொம்பி தட்டையை வாயால் கவ்விக் கவ்வி இழுத்து வந்து, இலவ மரத்துக்குப் பக்கத்தில் நின்ற ஒரு மரத்தின் நிழலில் போட்டது. காலால் மிதித்து நொறுக்கியது. குட்டையில் தலையை முக்கி எடுத்து, வந்து உதறி, தட்டையை நனைத்தது. நெட்டையன் இலவ மரத்திலிருந்து வெள்ளை படர்ந்த துண்டுகளைக் கொத்திக் கொண்டுவந்து இடையிடையே தூவியது. பிறகு இரண்டும் காத்திருந்தன.

பூசணம் வந்தது! ஆனால் வெள்ளையாக இல்லை. பச்சையாகவும் கறுப்பாகவும் வந்தது. கிட்டே போனால் மூக்கு அரித்தது.

“தின்னாத யக்கா!” என்றது கொக்கு.

கேட்குமா? எருமை மாட்டின் மேல் மழை பெய்ததுபோல நின்றுகொண்டு, கூழைக்கொம்பி ஒரு வாய் தின்றே விட்டது. அன்று வயிறு பறைபோல உப்பிவிட்டது. புரண்டு புரண்டு படுத்தது. செத்தே போகிறோமோ என்று பயந்துபோனது. பாறையன் திரும்பி வந்து, ‘நான் அப்பவே சொன்னேன்’ என்று தலையாட்டுவதை நினைத்துப் பார்த்தது. அந்த நினைப்பே அதற்கு மருந்தாகிவிட்டது.

“அவன் தலையாட்ட நான் சாகணுமா? ஒருநாளும் நடக்காது!” என்று முனகிக்கொண்டே விடியும்போது எழுந்து நின்றது.

மறுபடியும் தட்டை இழுத்தது. மறுபடியும் குவித்தது. உடம்பில் தெம்பில்லை. ஒவ்வொரு வாய்க்கும் நின்று மூச்சு வாங்கியது. குவியல் நெஞ்சளவு உயர்ந்தபோது காட்டுப் பன்றிகள் வந்து சேர்ந்தன.

“அடடா, அருமையான படுக்கை!” என்றது பெரிய பன்றி. “கிழவி, ஒதுங்கு! எங்க குட்டிகளுக்கு மெத்த வேணும்.”

“வயல் முழுக்கத் தட்டை கெடக்குலா? போய்ப் பொறுக்கு!”

“பொறுக்கணுமா? பொறுக்கி வெச்சது இங்கன இருக்கும்போது எதுக்குப் பொறுக்கணும்?”

பன்றிகள் கும்பலாக நெருங்கின. சண்டை போட்டால் தோற்றுவிடுவோம் என்று கூழைக்கொம்பிக்குத் தெரியும். ஆனால் விட்டுக்கொடுக்க மனம் ஒப்பவில்லை. தலையைக் குனிந்தது. குவியலைக் கொம்பாலும் நெற்றியாலும் தள்ளு தள்ளென்று தள்ளி, சரிவில் உருட்டி, குட்டைக்குள் தள்ளிவிட்டது. அப்புறம் தானும் இறங்கி அதன் மேலேயே பொத்தென்று உட்கார்ந்துகொண்டது. தட்டை முழுவதும் சேற்றுத் தண்ணீருக்குள் அமுங்கிப் போனது.

“இப்போ எடுங்கலே பாப்போம்!”

பன்றிகள் கரையைச் சுற்றின. உறுமின. எருமையைத் தண்ணீரிலிருந்து கிளப்ப யாரால் முடியும்? சும்மாவே கிளம்பாது. வீம்புக்கு உட்கார்ந்த எருமை எப்படிக் கிளம்பும்?

பன்றிகள் போவதும் வருவதுமாக இருந்தன. கூழைக்கொம்பி எழவே இல்லை. அதன் வயிற்றுக்கு அடியில் தட்டை ஊறியது, புளித்தது, குமிழ் குமிழாகப் பொங்கியது. பிறகு நாற ஆரம்பித்தது. அது சாதாரண நாற்றமா? குட்டைத் தவளைகள் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டன. நெட்டையன் அக்கரைக்குப் பறந்துபோய் அங்கிருந்து பேசியது.

“யக்கா! நீ செத்துட்டியோன்னு பாக்க வந்தேன்! நாத்தம் அப்படி இருக்கு!”

“சாகல! பன்னிக போயிட்டானுவளா?”

“நாத்தம் தாங்காம எப்பவோ போயிட்டானுவ! எந்திரி!”

கூழைக்கொம்பி எழுந்து தட்டையைக் கரைக்கு இழுத்துப் போட்டது. பழுப்பேறி, நீர் ஒழுகக் கிடந்தது.

“இத வெச்சு என்ன செய்யப் போற? அழுகிப் போச்சு. தூக்கி எறி யக்கா!”

“எறிஞ்சுட்டு? திரும்ப ஒரு குவியல் இழுக்க எனக்குத் தெம்பு இருக்கா? இதுதான் இருக்கு. இதுலதான் பாக்கணும்.”

நீர் வடியும்வரை நிழலில் போட்டு வைத்தது. சொட்டு நின்றதும் நெட்டையன் மூக்கைச் சுளித்துக்கொண்டே வந்து மரத்துண்டுகளைத் தூவியது. கூழைக்கொம்பி மேலே மிதித்து இறுக்கியது. பிறகு உதிர்ந்து கிடந்த தேக்கிலைகளை இழுத்துப்போட்டு மூடியது. அப்படியே பக்கத்தில் படுத்துவிட்டது. எழுந்து நடக்கத் தெம்பில்லை. இது பலிக்காவிட்டால், மழைக்குத் திரும்பும் மந்தை சுற்றிக்கொண்டு நடக்க இன்னொரு குவியல் எலும்பு இருக்கும். அது கூழைக்கொம்பிக்குத் தெரியும். கொக்குக்கும் தெரியும்.

நாட்கள் போயின. மரத்தில் மிச்சமிருந்ததைக் கரண்டிக் கரண்டித் தின்று கூழைக்கொம்பி உயிரைப் பிடித்து வைத்திருந்தது.

ஒரு காலையில் நெட்டையன் இலையை விலக்கிப் பார்த்துவிட்டு, “யக்கா! யக்கா!” என்று குதித்தது.

“என்னலே? பச்சையா?”

“வெள்ள! பூராவும் வெள்ள! வெள்ளை அடிச்ச செவுரு மாதிரி இருக்கு!”

கூழைக்கொம்பி முட்டி போட்டு எழுந்து வந்தது. நாற்றம் போயிருந்தது. மழை விழுந்த காட்டு மண் வாசம் வந்தது. நாக்கை நீட்டி ஒரு துண்டை இழுத்து வாயில் போட்டது. தட்டை பஞ்சாக மசிந்தது!

தின்றது. தின்றுகொண்டே அழுதது. அழுதுகொண்டே சிரித்தது.

“அதெப்படி யக்கா இந்தத் தடவ பச்சையன் வரல?”

கூழைக்கொம்பி அசைபோட்டுக்கொண்டே யோசித்தது. “பச்சையன் தட்டையில மொதல்லயே குடியிருந்திருக்கான். என் வயித்துக்கு அடியில, சேத்துக்குள்ள, மூச்சு முட்டிச் செத்துட்டான். வெள்ளையன் வந்து பாத்தான். வீடு காலி. உக்காந்துட்டான்!”

பன்றிகள் மெத்தை தேடி வராவிட்டால் இது தெரிந்தே இருக்காது. ஆனால் பன்றிகளுக்கு நன்றி சொல்ல வேண்டியதில்லை. திருட வந்தவனுக்கு யாராவது நன்றி சொல்வார்களா?

கூழைக்கொம்பி முழுவதையும் தின்றுவிடவில்லை. வாய் கேட்டது, வயிறும் கேட்டது. “பொறு, பொறு!” என்று இரண்டையும் அதட்டிவிட்டு, வெள்ளை நன்றாக ஏறிய துண்டுகளை விதைக்கென்று ஒதுக்கி வைத்தது. தெம்பு வந்ததும் மறுபடி வயலுக்குப் போய்த் தட்டை இழுத்தது. ஊறவைத்தது, மேலே உட்கார்ந்தது, வடியவிட்டது, விதை தூவி மூடியது. ஒரு குவியல் தின்னத் தயாராகும்போது அடுத்தது ஊறிக்கொண்டிருந்தது. இலவ மரத்துக்குப் பக்கத்தில் வரிசையாகக் குவியல்கள் நின்றன. பக்கவாட்டில் காளான்கள் வெள்ளைக் காதுகளை நீட்டின. அந்தக் காளானுக்கு வந்த பூச்சிகளைத் தின்று நெட்டையனும் கொழுத்தது.

கோடை முடியவில்லை. அதற்குள் மந்தை திரும்பி வந்துவிட்டது. அடுத்த மலையிலும் மழை பொய்த்திருந்தது. அங்கே பாறைதான் மிச்சம். எலும்பும் தோலுமாக எருமைகள் கணவாய் வழியாக இறங்கின. கன்றுகள் நடக்க முடியாமல் தடுமாறின. எலும்பைப் பார்க்கப்போகிறோம் என்று நினைத்து வந்தவர்கள், விலா மூடிய கூழைக்கொம்பியைப் பார்த்து வாயடைத்து நின்றார்கள்.

பாறையன் மட்டும் வாயடைக்கவில்லை. மூக்கை உயர்த்தி மோந்தது.

“நல்ல வாசம்! ஒதுங்கு கிழவி. கடா தின்ன பிறகுதான் மத்தவங்க. மந்தைச் சட்டம் தெரியும்லா?”

“தெரியும். அது மந்தைக்குள்ள சட்டம். என்னை மந்தையில இல்லன்னு சொல்லிட்டுப் போனது யாரு? நீதானே! அப்போ உன் சட்டம் எனக்கு எதுக்குலே?”

“வாய் நீளுது!”

“பல்லுதான் தேஞ்சுது. வாய் தேயல!”

நெட்டையன் பறந்துபோய்க் கிளையில் உட்கார்ந்துகொண்டு, “நல்லாக் கேளு யக்கா!” என்றது.

“இத நீ மொத்தமாத் தின்னா நாளைக்கு விதைக்கு ஒண்ணும் இருக்காது. நடக்க மாட்டாத கன்னுக்குட்டிகளுக்கு வாயில வைக்கவும் ஒண்ணும் இருக்காது. நான் தரேன், எல்லாருக்கும் தரேன். ஆனா யாருக்கு மொதல்லன்னு நான் சொல்லுவேன்.”

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. பாறையன் தலையைக் குனிந்து பாய்ந்தது. கூழைக்கொம்பி ஒதுங்கவில்லை. மோதிய வேகத்தில் புழுதியில் சாய்ந்தது. குவியலுக்கும் பாறையனுக்கும் நடுவில் மெல்ல எழுந்து மறுபடி நின்றது.

“ஒதுங்கு!”

“மாட்டேன்!”

பாறையன் இன்னொரு முறை மோதியது. கூழைக்கொம்பி இன்னொரு முறை விழுந்தது. தோளில் ரத்தம் கசிந்தது. ஆனாலும் எழுந்தது. அதே இடத்தில் நின்றது. விட்டுப் போனபோது பேசாமல் நின்ற எருமைகள் இப்போதும் பேசாமல்தான் நின்றன. பாறையனின் கொம்பைவிட அதுதான் கூழைக்கொம்பிக்கு அதிகமாக வலித்தது.

“ஏன் பாத்துக்கிட்டு நிக்கீங்க?” என்று அது மந்தையைப் பார்த்துக் கத்தியது. “இன்னைக்கு என் பல்லு. நாளைக்கு உங்க பல்லு. யாருக்குப் பல்லு மொளச்சுக்கிட்டே இருக்கப் போகுது?”

சுட்டி மெதுவாக முன்னால் வந்தது. கன்று அதன் காலோடு ஒட்டிக்கொண்டு வந்தது. வந்து கூழைக்கொம்பியின் தோளோடு தோள் உரசி நின்றது.

“சுட்டி! பின்னால போ!” என்று உறுமியது பாறையன்.

“போன கோடையில என் அம்மைய இதே கரையில விட்டுட்டு வந்தேன்” என்றது சுட்டி. “நீ போகச் சொன்ன, நான் போனேன். அம்ம என்னைக் கூப்பிட்டா. காதுல விழுந்துச்சு. விழாத மாதிரி நடந்தேன். இனி நடக்க மாட்டேன்!”

இன்னோர் எருமை வந்து நின்றது. அது தன் தமக்கையை விட்டுப் போன எருமை. அதன் பின்னால் இன்னொன்று. யாரையும் விட்டுப் போகாத எருமை அந்த மந்தையில் இருந்ததா என்ன? குவியலின் முன்னால் கறுப்புச் சுவர் எழும்பிவிட்டது. எதிரே பாறையன் தனியாக நின்றது. சுற்றிலும் பார்த்தது. பக்கத்தில் நிற்க ஒரு நிழல்கூட இல்லை.

கூழைக்கொம்பி திரும்பி ஒரு குவியலின் இலையை விலக்கியது. முதலில் கன்றுகளைக் கூப்பிட்டது. அடுத்து வயதான எருமைகளை. அடுத்து பால் கொடுக்கும் தாய்களை. எல்லாரும் தின்றார்கள். யாருக்கும் கடித்து இழுக்க வேண்டியிருக்கவில்லை. மெல்லும் சத்தமே கேட்காமல் அந்தக் கூட்டம் தின்றது.

பாறையன் வீம்புக்குக் கொஞ்ச நேரம் தள்ளி நின்றது. பசி அதன் வீம்பைவிடப் பெரிதாக இருந்தது. தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வரிசையின் கடைசியில் வந்து சேர்ந்தது.

“எனக்கு உண்டா?”

“உண்டு. ஆனா ஒண்ணு. இனி எந்தக் கோடையிலயும் யாரையும் விட்டுட்டுப் போறது இல்ல. இருந்தா எல்லாரும் இருப்போம், போனா எல்லாரும் போவோம். சம்மதம்னா தின்னு.”

பாறையனுக்குப் பழைய முறுக்கு கொஞ்சம் மிச்சமிருந்தது. “எனக்கே சட்டம் சொல்ல நீ யாரு?” என்று கேட்டது.

“செத்துருவான்னு நெனச்சு நீ விட்டுட்டுப் போனியே, அவதான்! தின்னுலே!” என்றது கூழைக்கொம்பி.

பாறையன் குனிந்து தின்றது.

வலியவர்கள் நம்மை ஒதுக்கிவிட்டார்கள் என்பதற்காக, நம்மை நாமே ஒதுக்கிக்கொள்ளக் கூடாது.